லண்டனுக்கு ஒரு ப்ரோமோ, நம்மூருக்கு ஒரு ப்ரோமோ

தொலைக்காட்சியில் நடன நிகழ்ச்சிகளுக்கும் பாட்டுப் போட்டிகளுக்கும் ப்ரோமோ எடிட் செய்வது என் தொழில். அந்தத் தொழிலில் நான் தெரிந்தே செய்த தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், ஒரே ப்ரோமோவை லண்டனில் ஒளிபரப்பாகும் தமிழ்ச் சேனலுக்குத் திருத்திக் கொடுத்தேன். நம்மூர் ஒளிபரப்புக்குத் திருத்தாமல் விட்டேன். அங்கே கேட்க ஆள் இருந்தது, இங்கே இல்லை. இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

எங்கள் வேலையில் ஒயிட் ஃப்ளாஷ் கைவந்த உத்தி. ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒரு வெள்ளை ஃப்ரேமைச் செருகினால் படம் அதிர்ந்து எழும். கட் சரியாக உட்காராத இடத்தை மறைக்கவும் அது உதவும். ப்ரோமோவைப் பார்த்துவிட்டு "இன்னும் பவர் பத்தலையே" என்று புரொடியூசர் சொன்னால், நான் முதலில் கை வைப்பது அதில்தான். நடுவர் நாற்காலியை விட்டு எழுகிற இடம், போட்டியாளர் அந்தரத்தில் சுழல்கிற இடம், கடைசியில் நிகழ்ச்சியின் பெயர் வந்து நிற்கிற இடம் என்று அடுக்கிக்கொண்டே போவேன். நம் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் வெள்ளை, ஒரு ஃப்ரேம் படம் என்று மாற்றி மாற்றி வைத்தால், ஒரு விநாடிக்குள் பன்னிரண்டு தடவை திரை முழுக்க வெளிச்சம் அடிக்கும். மேடையில் ஏற்கெனவே ஸ்ட்ரோப் லைட் போட்டு எடுத்த ஷாட்டாக இருந்தாலும் அதன் மேலேயே இதையும் ஏற்றுவேன்.

அப்படி ஒரு ப்ரோமோ லண்டனிலிருந்து திரும்பி வந்தது. மெயிலோடு ஓர் அறிக்கை. ஒரு பக்கம் டைம்கோடு, இன்னொரு பக்கம் வரைபடம். நான் ஃப்ளாஷ் அடுக்கியிருந்த இடங்களில் எல்லாம் கோடு எல்லையைத் தாண்டி எகிறியிருந்தது. ஹார்டிங் டெஸ்ட்டில் ஃபெயில், திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. என்னவென்று தேடிப் படித்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை அன்று இரவோடு போய்விட்டது.

1997 டிசம்பர் 16 அன்று மாலை, ஜப்பானில் டிவி டோக்கியோ போகிமான் கார்ட்டூனின் ஓர் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. சில விநாடிகள்தான். அதற்குள் நாடு முழுக்கக் குழந்தைகள் மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், பலருக்கு வலிப்பு வந்தது. 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செய்தியில் அந்தக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டியதில் இன்னும் சிலர் பாதிக்கப்பட்டார்கள். தொடரை நான்கு மாதம் நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டே ஜப்பானியத் தொலைக்காட்சிகள் மின்னும் காட்சிகளுக்கு வழிகாட்டு விதிகள் வகுத்துக்கொண்டன.

பிரிட்டன் இந்தப் பாடத்தை அதற்கும் முன்பே படித்திருந்தது. 1993-ல் அங்கே ஒரு நூடுல்ஸ் விளம்பரத்தைப் பார்த்து மூன்று பேருக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் விதிகள் வந்தன. பர்மிங்ஹாமில் உள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹார்டிங் இந்த ஆய்வில் முன்னோடி. என் ப்ரோமோவைத் திருப்பி அனுப்பிய சோதனைக்கு அவர் பெயர்தான். விதியின் சாரம் எளிது. திரையின் கால் பங்குக்கு மேற்பட்ட பரப்பில், ஒரு விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது. அடர் சிவப்பு மின்னல் மற்ற நிறங்களைவிட ஆபத்து. பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக ஓடும் கோடுகளும் ஆபத்து.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் லண்டன் ஃபைலைத் திறந்தேன். வெள்ளை ஃப்ரேம்களில் பாதியை எடுத்தேன். மிச்சத்தின் வெளிச்சத்தைக் குறைத்தேன். சில இடங்களில் ஃப்ளாஷுக்குப் பதில் சின்ன டிசால்வ் வைத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ப்ரோமோவின் வேகம் குறையவே இல்லை. சொல்லப்போனால் முதலில் செய்ததைவிடத் தெளிவாகவே இருந்தது.

நம்மூர் ஃபைல் அதற்குள் சர்வருக்குப் போயிருந்தது. சாயங்காலம் முதல் ஓட வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு மெயில் போட வேண்டும், ஏன் மாற்றுகிறோம் என்று விளக்க வேண்டும். சீனியரிடம் கேட்டேன். "இங்க யாருப்பா இதெல்லாம் கேக்கப்போறாங்க?" என்றார். அவர் மேல் பழியைப் போட நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது, அதற்காகச் சொல்கிறேன். ஜப்பான் கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மாற்றச் சொல்லியிருப்பார்.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் சோம்பல் என்று சொல்லலாம். நிற்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ப்ரோமோவையும் இரண்டாகச் செய்தேன். நம்மூருக்கு முழு ஃப்ளாஷோடு ஒன்று, யூகே வெர்ஷன் என்று தனி ஃபோல்டரில் ஒன்று. சினிமா காட்சியில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் போட நான் ஒரு நாளும் மறந்ததில்லை, ஏனென்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. இதற்கும் யாராவது கேட்டிருந்தால் மறந்திருக்க மாட்டேன். என் கவனம் முழுக்க அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டதாக இருந்ததே தவிர, பார்க்கிறவர்களின் உடம்பைப் பற்றியதாக இல்லை.

இந்த நிலையில்தான் என் அக்கா மகளுக்கு நோய் தெரியவந்தது. பள்ளி இறுதி வகுப்புப் படிக்கிற பிள்ளை. காலையில் எழுந்ததும் கையில் இருக்கிற டம்ளர் திடீரென்று தெறித்து விழும். கவனமில்லை, ராத்திரி முழுக்க முழித்துப் படித்துவிட்டுத் தூக்கக் கலக்கம் என்று அக்கா திட்டுவாள். ஒரு நாள் பள்ளியில் ஃபிட்ஸ் வந்து விழுந்த பிறகுதான், அந்தக் கை வெட்டுதலும் வலிப்பின் ஒரு வகை என்று டாக்டர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. பருவ வயதில் தொடங்கும் இந்த வகையில் பலருக்கு மின்னும் ஒளி ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னார்.

இ.இ.ஜி. எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். தலை முழுக்கப் பசை வைத்து வயர் ஒட்டி, அறை விளக்கை அணைத்து, முகத்துக்கு நேரே ஒரு விளக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார் டெக்னீஷியன். விளக்கு மெதுவாக மின்னத் தொடங்கியது. மூன்று, ஆறு, ஒன்பது என்று விநாடிக்கு இத்தனை என வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டைத் தாண்டியதும் அவள் இமைகள் துடித்தன. திரையில் அதுவரை சீராக ஓடிய அலைகள் எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் ஊசி ஊசியாக எழுந்தன. தோள் ஒரு முறை வெட்டியது. டெக்னீஷியன் சட்டென்று விளக்கை நிறுத்தினார். அந்த வேகம் எனக்குப் பழக்கமான வேகம். என் டைம்லைனில் நான் போட்டுக்கொண்டிருந்த வேகம்.

அவளுக்கு நோய் வந்தது என் ப்ரோமோவால் அல்ல. ஒளி அந்த நோயை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே அந்தத் தன்மை உள்ள மூளையில் வலிப்பைத் தூண்டிவிடுகிறது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் என் அக்கா அங்கேயே அழுதாள். "நான்தான் டிவி முன்னாடி உக்கார விட்டேன். லைட்டைக்கூடப் போடாம பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா, நான் தடுக்கலையே" என்றாள். அவள் உட்கார்ந்து பார்த்தவற்றில் என் ப்ரோமோக்களும் உண்டு. மாமா செய்தது என்று தேடிப் பார்ப்பாள். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் அக்கா தன்னையே நொந்துகொண்டிருக்க, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். திருத்தாமல் விட்டதைவிட இந்த மௌனம்தான் பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இதை நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் பாப்பாவைத் திட்டியிருக்க மாட்டேன்லடா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பாப்பாவிடமும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகும் முதலில் நான் தேடியது சுலபமான வழியைத்தான். நிகழ்ச்சி தொடங்கும்போது "இதில் மின்னும் ஒளிக் காட்சிகள் உள்ளன" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், ஃப்ளாஷைத் தொட வேண்டாம் என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது எவ்வளவு பொய்யான தீர்வு என்று புரிந்தது. எச்சரிக்கை உதவுவது, தனக்கு இந்தக் கோளாறு உண்டு என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டுமே. ஜப்பானில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. எந்த வாசகம் போட்டிருந்தாலும் அவர்கள் டிவியை அணைத்திருக்க மாட்டார்கள். வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உண்டு. ஆனால் அது அதிகம் தெரியவருவது சிறுவயதிலும் பருவ வயதிலும். எங்கள் நடன நிகழ்ச்சிகளைக் கண் கொட்டாமல் பார்க்கிற வயது அதுதான்.

இன்னொன்று, ப்ரோமோ சொல்லிவிட்டு வருவதில்லை. படம் என்றால் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்கலாம். சீரியலுக்கு நடுவில் திடீரென்று பாய்கிற ப்ரோமோவுக்கு எங்கே போய் எச்சரிக்கை போடுவது? பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமின் விதி இந்த வரிசையைச் சரியாக வைத்திருக்கிறது. முதலில் ஆபத்தைக் குறை. குறைக்கவே முடியாது, காட்டியும் ஆக வேண்டும் என்றால்தான் எச்சரிக்கை, அதுவும் முன்கூட்டியே, வாயால் சொல்லி, தேவைப்பட்டால் எழுத்திலும். பத்திரிகையாளர்களின் கேமரா வெளிச்சம் நிறைந்த செய்திக் காட்சிக்கு முன்னால் அங்கே வாசிப்பவர் அதைச் சொல்வது இதனால்தான். கேமரா அடிப்பதை அவர்களால் நிறுத்த முடியாது. நானோ என் ஃப்ளாஷை ஒரு விசையில் நீக்க முடிந்தவன்.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள். இருட்டறையில் டிவி பார்க்க விடாதீர்கள், திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு உள்ள பிள்ளை முன் திடீரென்று ஒளி மின்னினால் கண்களை மூடுவது போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைக் கவனியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். காலையில் பிள்ளையின் கையிலிருந்து பொருள்கள் தெறித்து விழுந்தால் திட்டுவதற்கு முன் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் தொழிலில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் உங்கள் டைம்லைனை ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் மூன்று மின்னலுக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிவப்பு ஃப்ளாஷை அறவே தவிருங்கள். புரொடியூசர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதைப் போல விட்டுவிடாதீர்கள். ஃபைல் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பார்த்து வேலை செய்யாதீர்கள். லண்டனில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளையின் மூளைக்கும் நம்மூரில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளையின் மூளைக்கும் வித்தியாசம் கிடையாது. இப்போது நான் ஒரே வெர்ஷன்தான் செய்கிறேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.