ஒரு கரண்டி உறைமோர்



வையம்பட்டியில் கோடை தொடங்கிவிட்டால் தயிரின்றி மதியச் சோறு இறங்குவதில்லை. பாக்கெட் தயிர் கடைகளில் கிடைக்கிறது. ஆயினும் நம் வீட்டில் இரவுதோறும் உறை ஊற்றுவதே வழக்கம். முறை எளிது. பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் நுனி சூடு தாங்கும் வரை, ஏறத்தாழ 43 டிகிரிக்கு, ஆறவிட வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு முந்தைய நாள் தயிர் ஒரு சிறு கரண்டி போதும். கலக்கி, மூடி, அசைக்காமல் வைத்தால் கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைக்க வேண்டும்.

அந்த ஒரு கரண்டியில் உள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்புளிப்பில் பாலின் புரதம் திரண்டு தயிராகிறது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் அவை மடிந்துவிடும். உறையே கிடைக்காவிட்டாலோ, கோடை இரவில் பால் கெட்டுப்போகும். இதை நன்கு அறிந்திருந்தும் நாம் ஒரு தவறு செய்தோம்.

சென்ற கோடையில் ஒரு நாள் மஃரிப் தொழுது வீடு திரும்பினோம். அடுத்த வீட்டுச் சிறுமி, நம் மக்தபில் ஓதும் பிள்ளை, கிண்ணத்துடன் வாசலில் நின்றாள்.

"ஹஜ்ரத், அம்மா கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

விளக்கு வைத்தபின் மோர், உப்பு, ஊசி கொடுத்தால் வீட்டின் பரக்கத் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யோசிக்கவே இல்லை. "காலையில வாம்மா" என்று அனுப்பிவிட்டோம்.

மறுநாள் பாடம் அல்மாஊன் அத்தியாயம். குர்ஆனின் 107-ஆவது அத்தியாயம், ஏழே வசனங்கள். அற்பப் பொருளையும் தர மறுப்போரை அதன் இறுதி வசனம் கண்டிக்கிறது. கோடரி, பானை, வாளி போல மக்கள் தமக்குள் கொடுத்து வாங்கும் பொருட்களே மாஊன் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நம் வீட்டுப் பொருட்களைச் சொல்லத் தொடங்கினோம்: உப்பு, தீப்பெட்டி, சல்லடை... அடுத்த சொல் நாவில் வந்து நின்றது. அந்தச் சிறுமி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சொல்லைச் சொல்லாமலே பாடத்தை முடித்தோம்.

அவர்கள் வீட்டில் அன்று காலை பால் திரிந்துபோனதைப் பின்னரே அறிந்தோம். தையல் வேலையில் பிழைக்கும் குடும்பம். அரை லிட்டர் பால் அவர்களுக்குச் சிறிய இழப்பன்று.

சகுனம் பார்க்கலாகாது என்று எத்தனையோ முறை போதித்திருக்கிறோம். நம் வீட்டு அடுக்களையில் அது அமர்ந்திருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. உறை ஊற்றும் நேரமே இரவு. உறைமோரை அப்போது கேட்காமல் எப்போது கேட்பார்கள்? கொடுத்தால் குறையும் பொருளும் அன்று அது. மிஞ்சிய ஒரு கரண்டி, மறுநாள் மீண்டும் ஒரு பாத்திரம் தயிராகிவிடும்.

அன்று மஃரிபுக்குப் பின் கிண்ணத்தில் தயிருடன் நாமே சென்று மன்னிப்புக் கேட்டோம். சிறுமியின் தாயார், "இதுக்குப் போயா ஹஜ்ரத்? பால் இப்பத்தான் ஆறிக்கிட்டு இருக்கு" என்று கூறிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் அதே பாடத்தை மீண்டும் நடத்தினோம். பட்டியலில் உறைமோரை முதலில் சொன்னோம்.

ஓதுவதை வீட்டிலும் வாழ்ந்து காட்ட அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.