உங்கட சந்தோசம் வந்து சேர்ந்திட்டுது

என்னட்ட ஒரு ஸ்ரிக்கர் உருளை இருக்கு. ஆயிரம் அடிச்சனாங்கள். அறுநூறு ஒட்டி முடிஞ்சுது, மிச்சம் நானூறு மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. மஞ்சள் வட்டம், நடுவில் சிரிக்கிற முகம், அதுக்குக் கீழே "உங்கட சந்தோசம் வந்து சேர்ந்திட்டுது!" அந்த வசனத்தை எழுதினது நான்தான். எழுதேக்க நல்லாத்தான் இருந்தது.

2023 இல் நானும் மச்சாளும் மச்சாளின்ர தம்பியும் சேர்ந்து வீட்டு முன் அறையில் ரீசேட் அடிக்கத் தொடங்கினோம். பெரிய மெசின் எதுவும் இல்லை. படத்தை ஒரு பிலிமில் அச்சடித்துத் தருகிற இடங்கள் இருக்கு. பிலிமின் பின்னால் ஒட்டுப் பவுடர் உருகிப் பிடித்திருக்கும். அதை ரீசேட்டில் வைத்து ஹீற் பிறெஸ்ஸில் 150, 160 பாகை சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிலிமை உரித்தால் படம் துணியில் நிற்கும். டீ.ரி.எப். என்று சொல்லுவார்கள். டிசைன் மச்சாள், பிறெஸ் தம்பி. மடிக்கிறது, பாசல் கட்டுறது, ஆக்களோட கதைக்கிறது எல்லாம் நான்.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்கிறவர்கள் இப்ப தெருவுக்கு ஒராள். எல்லாரும் வாங்குகிற வெறும் ரீசேட்டும் ஒன்றுதான், பிலிமும் ஒன்றுதான். பிறகு எங்களிட்ட ஏன் வரவேணும்? இந்தக் கேள்விக்கு யூரியூப்பில் பதில் கிடைத்தது. பெட்டியைத் திறக்கிற அந்த ஒரு நிமிசத்தில்தான் வாடிக்கையாளர் உங்களை நேசிக்கத் தொடங்குகிறார் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கண் கலங்கச் சொன்னாள். நாங்கள் அதுவரைக்கும் ரீசேட்டைக் கண்ணாடிப் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயில் ரேப் ஒட்டிக் குடுத்துக்கொண்டிருந்தோம். வெட்கமாய்ப் போச்சு.

அடுத்த கிழமையே பிறவுண் காட்போட் பெட்டி, சிவப்பு ரிசு பேப்பர் இரண்டு தாள், ஸ்ரிக்கர், ஒரு நன்றிக் காட், ஒரு ரொபி. காட்டில் "போட்டுப் பாத்து ஒரு செல்பி எடுத்து எங்களையும் ராக் பண்ணுங்கோ" என்று இருந்தது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோக்களில் அதை யாரும் சொல்வதில்லை. பெட்டி 130, ரிசு 40, ஸ்ரிக்கர் 8, காட் 15, ரொபி 10. மொத்தம் 203 ரூபா. ஒரு ரீசேட்டை 1800க்கு விற்றால் எங்களுக்கு மிஞ்சுவது 350. மூன்று பேருக்கு மீதி 147. பெட்டி விலை குறையுமா என்று கேட்டால் பெட்டிக்காரர் சிரிப்பார். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் பேப்பர் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்த நாடு இது, காட்போட் மலிவாய் வருமா?

அம்மா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா, "நகைக்கடைக்காரன் பவுண் சங்கிலியையே ஒரு ரோஸ் பேப்பரில சுத்தித் தாறான். நீங்கள் பெனியனுக்குப் பெட்டி கட்டுறியள்."

ஆனால் உண்மையைச் சொல்லவேணும், பெட்டி வேலை செய்தது. ஆக்கள் திறக்கிறதைப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு படத்துக்கு நாலு ஓடர் வந்தது. மாதம் இருபது ரீசேட் அடித்த நாங்கள் எழுபது, எண்பதுக்குப் போனோம்.

மடிக்கிற வேலையையும் அந்த நேரம்தான் ஒழுங்காய்ப் படித்தேன். மச்சாளின் சிநேகிதி ஒருத்தி கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிறு வந்து என்ர மடிப்பைப் பார்த்துவிட்டு "இது உடுப்பா, கொத்துரொட்டியா?" என்று கேட்டாள். ஒரு அட்டையை அளவாய் வெட்டி, ரீசேட்டை முகம் குப்புறப் போட்டு, அட்டையை முதுகில் வைத்து, இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, கீழ்ப்பகுதியை மேலே தூக்கச் சொல்லித் தந்தாள். படத்துக்குக் குறுக்காக மடிப்பு விழக்கூடாது, விழுந்தால் அந்தக் கோடு போகாது. பிறெஸ்ஸில் இருந்து இறக்கின சூட்டோடு மூடக்கூடாது, உள்ளே வேர்க்கும். படம் மற்றத் துணியில் முட்டாமல் இடையில் ஒரு தாள் வைக்கவேணும். அவள் ஒரு நாளைக்கு மடிக்கிற எண்ணிக்கையைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் அடி கார்த்திகை மழையில் விழுந்தது. கொழும்புக்குப் போகிற பாசல்களை இரவு பஸ்ஸில் போட்டுவிடுவோம், விடிய அங்கே ஆள் வந்து எடுக்கும். பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் தண்ணீர் வந்து காட்போட் ஊறி, சிவப்பு ரிசு சாயம் விட்டு, ஆறு வெள்ளை ரீசேட்டும் ரோஸ் நிறம். பட்டம் கட்டின எந்தப் பெடியனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், ரிசு நனைஞ்சால் சாயம் போகும் என்று. நாங்கள் வெள்ளைக்காரப் பிள்ளையைத்தான் கேட்டோம். ஆறையும் திரும்ப அடித்துக் குடுத்தோம். அந்த மாதம் லாபம் எண்டு ஒண்டும் இல்லை. அதுக்குப் பிறகு வெள்ளை ரிசு மட்டும், அதுக்கு மேலே பழைய பொலித்தீன் பை. மனமில்லாமல்தான். 20 மைக்ரோனுக்குக் குறைஞ்ச பொலித்தீனை 2017 இலேயே தடை செய்த நாட்டில் இருந்துகொண்டு, தடிச்ச பையைத் தேடித் திரிந்தோம்.

அது காசோடு போன விசயம். நான் எழுத வந்தது மற்றது.

ஒரு பெடியன் வட்ஸ்அப்பில் ஓடர் தந்தான். 22 ரீசேட், கறுப்பு. முன்னால் ஒரு முகம், பின்னால் 7 ஆம் இலக்கம், அதுக்குக் கீழே பெயரும் இரண்டு ஆண்டுகளும். விபத்தில் போன கூட்டாளி. அவன்ர நினைவாய் ஒரு உதைபந்தாட்டப் போட்டி வைக்கிறார்கள், அதுக்குப் போட. மச்சாள் படத்தைத் துப்பரவாக்கி எடுக்க இரண்டு இரவு இருந்தாள். போன் கமராவில் எடுத்த மங்கலான படம், தலைமுடியைப் பின்னால் இருந்த மதிலில் இருந்து பிரித்து எடுக்கிறதே பெரிய வேலை. தம்பி ஒவ்வொன்றையும் பிறெஸ்ஸில் இரண்டாம் தரமும் அழுத்தினான், கழுவக் கழுவ உரியக் கூடாது என்று.

நான் மடித்தேன். நான் அந்த முகத்தைப் பார்க்காமல் இல்லை. 22 தரம் பார்த்தேன், என்னைவிட நாலு வயது குறைவு என்று யோசித்தேன், பாவம் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே ரிசுவைச் சுற்றினேன், ஸ்ரிக்கரை ஒட்டினேன், காட் வைத்தேன், ரொபி வைத்தேன், மூடினேன். அந்த ஸ்ரிக்கரில் என்ன எழுதியிருக்கு என்று நான் மாதக்கணக்காய் வாசித்ததே இல்லை. கை வாசிக்காதுதானே.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெடியன் எடுத்தான். கத்தியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

"அக்கா, பெட்டி எல்லாத்திலயும் இருந்த ஸ்ரிக்கரை நாங்கள் றோட்டில வைச்சே உரிச்சிட்டம். காட்டையும் எடுத்திட்டம். அம்மாட்ட முதல் குடுக்கிறதுக்கு எண்டு ஒண்டை அப்பிடியே கொண்டு போனது. அதுக்குள்ளயும் ரிசுவில ஒண்டு ஒட்டியிருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவ வாசிச்சிட்டா அக்கா. ஒண்டும் சொல்லேல்லை. கோவமில்லை, இனி ஆக்களுக்கு அனுப்பேக்க பாருங்கோ, அதுதான்."

காசைத் திருப்பித் தாறம் என்றேன். வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

மச்சாளும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். போகிறதா இல்லையா என்று ஒரு கிழமை இழுபட்டோம். மன்னிப்புக் கேட்கப் போவது எங்கட மனப்பாரத்தை இறக்கத்தானே, அந்தப் பாரத்தை அவவிட்ட ஏன் இறக்கவேணும் என்று மச்சாள் கேட்டாள். அதுக்கு எனக்கு இப்பவும் பதில் தெரியாது. போனோம். நாங்கள்தான் ரீசேட் அடிச்ச பிள்ளையள் என்று சொன்னதும் கதிரை எடுத்துப் போட்டா, தேத்தண்ணி வைச்சா. நான் தயார்பண்ணிக் கொண்டு போன வசனத்தைப் பாதியில் நிப்பாட்டிவிட்டு, "படம் நல்லா வந்திருக்கு பிள்ளை. அவன்ர தலைமுடி அப்பிடியேதான்" என்றா. மச்சாள் அழத் தொடங்கினாள்.

பெட்டி சாமித்தட்டுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. ரீசேட்டை வேற எங்கேயோ வைத்திருந்தா. பெட்டிக்குள் அவன்ர அடையாள அட்டை, ஒரு மணிக்கூடு, மோட்டச்சைக்கிள் திறப்பு, கண்ணாடி உடைஞ்ச போன். "பொருத்தமான பெட்டி, மூடி இறுக்கம். தூசி போகாது" என்றா. மூடியில், ஸ்ரிக்கரைச் சுரண்டின இடத்தில், காட்போட்டின் மேல்தோல் உரிஞ்சு வட்டமாய் வெளிறிக் கிடந்தது.

இப்ப ஓடர் எடுக்கேக்க ஒரு கேள்வி கூடுதலாய்க் கேட்கிறேன். அளவு, நிறம், எத்தனை, அதோட இது என்னத்துக்கு, ஆர் திறப்பினம். சிலர் அதைக் கேட்டுச் சினக்கிறார்கள், "உமக்கு ஏன் அது?" என்கிறார்கள். பலர் சொல்கிறார்கள், கேட்காததையும் சேர்த்து. கனடாவுக்குப் போகிற அண்ணாவுக்கு எல்லாரும் கையெழுத்து வைச்சு, பெயில் விட்ட பட்ச் திரும்ப எடுத்துப் பாஸ் பண்ணினதுக்கு, பேரன்மார் சேர்ந்து அப்பப்பாவுக்கு. ஸ்ரிக்கர் இல்லை. பெட்டி கேட்டால் மட்டும், காசு தனி. மற்றப்படி வெள்ளைத் தாளில் சுற்றி, நூலால் கட்டி, பெயரைக் கையால் எழுதிக் குடுக்கிறேன். அந்த ஒரு பெயரை எழுதுகிறதுக்காவது ஓடரை நான் திரும்ப வாசிக்கவேண்டி இருக்கு. செலவு எழுபது ரூபாவுக்குள் நிற்கிறது. படம் போடுகிற ஆக்கள் குறைஞ்சிட்டினம், அதை மறைக்க ஏலாது. மாதம் ஐம்பது, அறுபது ஓடுது.

போன கிழமை பழைய வாடிக்கையாளர் ஒராள், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பாசலை வாங்கி வாசலிலேயே பிரித்துப் பார்த்தார். தாளை விரித்தார், உதறினார், திரும்பவும் பார்த்தார்.

"எங்க தங்கச்சி, ரொபி இல்லையோ? சின்னவன் வீட்டில பாத்துக்கொண்டு இருக்கிறான்."

உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்து குடுத்தேன், இரண்டு.