கண்ணுக்கு நெய், காலுக்கு எண்ணெய்

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே வாக்குவாதம். பத்து வயதுப் பெண்ணின் நாட்டிய ஆசிரியை, "இவளுக்கு உடம்பு வளையாது, பாட்டு வகுப்பில் சேர்த்து விடுங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும். நான் அப்போதே சொன்னேன்!" என்றார் மாமியார்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், அம்மா" என்றார் என் கணவர்.

குழந்தையோ ஒன்றும் பேசாமல் சலங்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தப் பூட்டுத்தான் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் பத்திரிகை வேலையாகச் செறுதுருத்திக்குப் போக நேர்ந்தது. சென்னையில் இரவு மங்களூர் மெயில் ஏறினால், விடிந்ததும் ஷொரணூர். பாரதப்புழையின் பாலத்தைத் தாண்டினால் செறுதுருத்தி. ஆடி மாதம், மலையாளத்தில் கர்க்கடகம். ஆறு நிறைய நீர், ஊர் நிறைய மழை.

மகாகவி வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930-ல் நிறுவிய கேரள கலாமண்டலம் இங்கேதான் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு விற்றுக்கூடப் பணம் திரட்டினார்களாம்! இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கதகளி மாணவர்களுக்கோ அதற்குள் பாதி நாள் முடிந்திருந்தது! இருட்டு பிரியுமுன் எழுந்து, கண்ணில் நெய் தடவிக்கொண்டு, விழியை மேலும் கீழும் பக்கமும் வட்டமும் சுழற்றுவார்கள். மழைக்காலத்தில் 'உழிச்சில்' வேறு. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி மாணவன் குப்புறப் படுக்க, ஆசான் மேலே ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு தம் பாதத்தாலேயே நீவிவிடுவார். இடுப்பும் தொடையும் இளகுவது அப்படித்தான். கேட்கும்போதே எனக்கு முதுகு வலித்தது.

வகுப்புக்குள் நுழைந்தேன். பாதத்தின் வெளி விளிம்பில் நின்று, முழங்காலை அகட்டித் தாழ்ந்திருந்தார்கள். ஆசான் கட்டையில் கோலால் தாளம் தட்டினார். ஒரு பையனுக்கு எல்லாம் வெண்ணெயாக வந்தது. பக்கத்துப் பையனுக்கு முழங்கால் நடுங்கியது. ஆனால் ஆசான் அடிக்கடி நிறுத்தித் திருத்தியது முதல் பையனைத்தான். எளிதாக வருகிறதென்று அவன் நடுவில் ஓர் அசைவை விழுங்கிக்கொண்டிருந்தான்!

வகுப்பு முடிந்ததும் என் சந்தேகத்தைக் கேட்டேன். "பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா?"

ஆசான் மலையாளமும் தமிழுமாகச் சொன்னதன் சாரம் இது: முகமும் உயரமும் பச்சையா, கத்தியா, ஸ்திரீ வேஷமா என்று சொல்லும். அந்த வேஷத்தைக் கட்ட முடியுமா என்று சொல்வது அப்பியாசம். அதற்கு ஏழெட்டு வருஷமாவது வேண்டும்.

"அப்படியானால் எல்லாரும் கலாமண்டலம் கோபி ஆகிவிடலாமா?"

சிரித்துவிட்டார். நளனாகவும் கர்ணனாகவும் கண்ணசைவிலேயே சபையைக் கட்டிப்போட்டவர் கோபி. அப்படி ஒருவர் வருவது அபூர்வந்தான். ஆனால் அந்த ஒருவரும் இந்தப் பாயில் எண்ணெயோடு படுத்து எழுந்துதானே போக வேண்டும்?

இன்னொரு விஷயம். பெண் உடம்புக்குக் கதகளி ஒத்து வராது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். திருப்பூணித்துறையில் பெண்களே 1975-ல் ஒரு குழு அமைத்து ஆடிக் காட்டினார்கள். கலாமண்டலம் தன் கதகளி வகுப்பில் சிறுமிகளைச் சேர்த்தது 2021-ல்தான். ஆக, 'வளையாது' என்ற தீர்ப்பை உடம்பு சொல்வதற்கு முன்னால் ஊரே சொல்லிவிடுகிறது!

வீடு திரும்பியதும் அலமாரிச் சாவியைக் குழந்தையிடம் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமண்டி பழகுகிறாள். எண்ணிக்கை சொல்வது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார்தான்! அரைமண்டி இன்னும் முக்கால் மண்டியாகவே நிற்கிறது. அதனால் என்ன? ஏழெட்டு வருஷத்தில் ஏழெட்டு வாரம்தானே ஆகியிருக்கிறது!