அறுபத்து நான்கு வயதில் ஊர் மாறியவர்

செந்துறை பக்கம் இருக்கும் ஆலத்தியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட் ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊரில் டிப்ளமோவோ இன்ஜினியரிங்கோ முடிக்கும் பையனுக்கு வழி இரண்டு. ஒன்று, பக்கத்திலேயே ஆலை வேலை, ஷிப்ட். இல்லையென்றால் அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டியதுதான். எதுவானாலும் முதலில் குலைந்து போவது தூக்கம். அதன் பின்னால் சாப்பாட்டு நேரம் போகும், பேச்சுத்துணையும் போகும். அப்போது யாராவது ஒரு பெரியவர், "தம்பி, தினமும் யோகா பண்ணுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்பார். எல்லாம் எப்படி சரியாகும் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அந்த "எப்படி" என்ற கேள்விக்குப் பதில் தேடினால், இப்படி ரயிலேறி சென்னைக்கு வந்த ஒருவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் வந்தபோது வயது இருபத்திரண்டு இல்லை, அறுபத்து நான்கு.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888ல் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். வேதம், தர்க்கம், சமஸ்கிருதம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அவ்வளவு படித்தும் ஒரு காலத்தில் ஹாசன் பக்கம் காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்திருக்கிறார். யோகா அன்றைக்குச் சோறு போடும் தொழில் அல்ல! பிறகு மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தது. 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லோரும் அங்கே அவரிடம் கற்றவர்கள்தான்.

1940ல் மகாராஜா காலமானார். நாடு சுதந்திரமடைந்ததும் சமஸ்தானமும் போனது. 1950ல் யோகசாலையை இழுத்து மூடிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அறுபது தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், இருந்த ஒரே வேலையும் இல்லை. 1952ல், உடல்நலம் குன்றியிருந்த ஒரு சட்ட வல்லுநருக்குச் சிகிச்சை தரச் சென்னைக்கு அழைத்தார்கள். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகா கற்றுக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மைசூரில் அவர் சொல்லிக் கொடுத்தது துள்ளும் வயதுப் பையன்களுக்கான யோகா. வேகம், தாவல், அரண்மனை விருந்தினர் முன் செய்முறைக் காட்சி. சென்னையில் அவரைத் தேடி வந்தவர்களோ நோயாளிகள், வயதானவர்கள், குடும்பப் பெண்கள். அவர்களைத் தாவச் சொல்ல முடியுமா? ஆகவே ஒவ்வொருவராக உட்கார வைத்து, நாடி பார்த்து, அவரவர் மூச்சுக்குத் தகுந்தபடி பயிற்சியை அமைத்தார். மூச்சை இழுத்தபடி கையைத் தூக்கு, விட்டபடி இறக்கு, அவ்வளவுதான் சிலருக்கு. யோகா ஒன்றுதான். ஆளும் வாழ்க்கையும் மாறியபோது பயிற்சியையும் கூடவே மாற்றினார். பழைய மைசூர் அட்டவணையைப் பிடித்துத் தொங்கவில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு மணி நேரம் செய்தேன், இப்போது நேரமில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்பார்கள். பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவே தோன்றாது.

அவர் மகன் தேசிகாச்சார் கதை இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு இன்னும் பிடிக்கும். 1938 ஜூன் 21ல் பிறந்தவர் (2015 முதல் சர்வதேச யோகா தினம் கொண்டாடும் அதே தேதி. தற்செயல்தான்!). அப்பாவின் யோகாவில் பெரிய ஆர்வமில்லாமல் இன்ஜினியரிங் படித்தார், வேலையும் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் சென்னை வீட்டுக்கு வந்திருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி ஓடிவந்து, மடி ஆசாரமெல்லாம் பார்க்கும் அந்த வைணவப் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகன் திகைத்துப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் முதல் தடவையாகத் தூங்கிய சந்தோஷமாம் அந்தப் பெண்மணிக்கு.

மகன் வேலையை வேண்டாம் என்றார். தந்தை உடனே ஒத்துக்கொண்டு விடவில்லை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து வரச் சொல்லிச் சோதித்தார். தேசிகாச்சாரும் லேசுப்பட்டவர் இல்லை, ஆசனம் மட்டும் போதும், கடவுள் விஷயம் வேண்டாம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். அப்பா அதற்கும் சரி என்றார். 1976ல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், 2016ல் மறையும் வரை யோகாவோடுதான் வாழ்ந்தார்.

ஆலத்தியூர்ப் பையனுக்கு இதில் என்ன இருக்கிறது? நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தால் 'அதிகாலை நான்கு மணி' என்ற விதி அவனுக்கு உதவாது. தூங்கி எழுந்த பின் மதியம் அவன் காலை. சென்னையில் நான்கு பேர் தங்கும் அறையில் பாய் விரிக்க இடம் இருக்காது, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை நிதானமாக விடுவதற்கு இடம் இருக்கும். இதனால் சம்பளம் உயராது, மேனேஜர் மாறமாட்டார், ஊர் ஞாபகமும் போகாது. ஆனால் எல்லாமே பிறர் போட்ட நேரப்படி நடக்கும் ஒரு நாளில், அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் அவன் போட்ட நேரம். ஊரில் செய்ததும் அதுதான், இங்கே செய்வதும் அதுதான்.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். (இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.) எழுந்து உட்கார முடியாது, ஆனாலும் பயிற்சியை விடவில்லை. கட்டிலில் படுத்தபடியே செய்வதற்கென்று தனக்குத்தானே ஒரு வரிசையை அமைத்துக்கொண்டார். 1989 பிப்ரவரியில், நூறு வயதில் காலமானார்.