கட்டிலுக்கு அடியில் ஓர் ஆசாரி!

919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தலுக்கே விதி எழுதி வைத்த ஊர், எங்கள் உத்திரமேரூர். அங்கே தங்கை கல்யாணத்துக்கு ஒரு கட்டிலைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

மூணு மாசச் சம்பளம் சார். தெரிந்த ஆசாரியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளப்பைக் காட்ட, இவர் கட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டார்!

"பாலிஷ் போடாத இடத்தைத்தான் பாக்கணும் தம்பி. வெளுப்பா இருக்குல்ல, இது வைரம் பாயாத வெளிறு. கரையான் முதல்ல இதைத்தான் திங்கும். உங்க கொல்லைப் பூவரசே போதும்!"

அப்பா நட்ட மரம். வெட்டியபின் அம்மா ஒரு வாரம் கொல்லைப்பக்கமே போகவில்லை. அறுத்த பலகை ஆறு மாசம் நிழலில் காய்ந்தது.

"சுவத்துல ஒட்டிப் போடாதம்மா, ஈரம் ஏறும். காஞ்ச துணியால துடை" என்று தங்கைக்கு ஆசாரி பாடம் நடத்தினார்.

கட்டில் வண்டியேறும் அன்றுதான் அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள்.