முதுமையில் ஒரு புறப்பாடு

முதுமைக்குரிய பணி யாது என்ற வினாவுக்கு ஒவ்வொரு சமூகமும் தனக்கேயுரிய விடையொன்றை வைத்திருக்கின்றது. வடமொழித் தரும நூல்கள் பேசும் வானப்பிரத்த நிலையில், இல்லறக் கடன் முடித்தவன் மனைவியை மைந்தரிடம் ஒப்படைத்தோ, உடன் அழைத்துக்கொண்டோ காடு செல்கின்றான். தொல்காப்பியம் கற்பியலிற் காட்டும் நெறி இதனின் வேறானது. இன்ப வேட்கை தணிந்த இறுதிப் பருவத்தில், பிள்ளைகளும் நல்லுறவினரும் சூழ இருந்தவாறே கணவனும் மனைவியும் மேலானவற்றில் மனத்தைப் பழக்குவது கழிந்த வாழ்வின் பயனாகும் என்பது அந்நூலின் கருத்து. ஒன்று காட்டுக்கு வழிகாட்டுகின்றது. மற்றொன்று வீட்டிலே இருத்துகின்றது.

இவ்விரண்டினுள்ளும் அடங்காத மூன்றாவது விடையொன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே தலைமையகம் கொண்ட சமயக் குழுவொன்றினிடையே வழக்கில் உள்ளது. 1830 இல் யோசெப்பு ஸ்மித் என்பவரால் நியூயோர்க் மாநிலத்தில் நிறுவப்பட்டு, மோர்மன் சபை எனப் பரவலாக அறியப்பட்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையே அது. இச்சபையைச் சேர்ந்த வாலிபர் இருவர் இருவராக வீடுதோறும் சென்று போதிப்பதைப் பலரும் அறிவர். ஆனால் தொழிலினின்று ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிய பின்னர், வீட்டைப் பூட்டிவிட்டுத் தொலைதேசங்களுக்கு ஊழியஞ் செய்யப் புறப்படும் முதிய தம்பதியரைப் பற்றி அறிந்தோர் சிலரே.

இவ்வழக்கத்தின் பொருளை உணர வேண்டுமாயின் அச்சபையின் பழைய வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். தொடக்க காலத்தில் மணமான ஆடவரே பெரும்பாலும் தனித்து அனுப்பப்பட்டனர். 1839 செப்டெம்பரிலே பிரிகாம் யங், எபர் கிம்போல் ஆகிய இருவரும் மலேரியாக் காய்ச்சலால் நிற்கவும் வலுவற்ற நிலையில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர். மனைவியர் இருவரும் நோயுற்றிருந்தனர். யங்கின் மனைவி மகப்பேறு கண்டு பத்து நாட்களே ஆகியிருந்தன. சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்தச் செய்து, தள்ளாடியபடி எழுந்து நின்று, இருவரும் ஆரவாரித்து விடைகூறினர் என்று அச்சபையினர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வர். போனவரின் துணிவு இவ்வாறு புகழப்படுகையில், பின்னே நின்ற பெண்கள் குடும்பத்தை எவ்வாறு தாங்கினர் என்ற வினா எழாமற் போகாது.

லூயிசா பார்ன்ஸ் பிராற் என்னும் பெண்மணியின் வாழ்க்கை அவ்வினாவுக்கு விடை தருகின்றது. அவருடைய கணவர் அடிசன் பிராற் 1843 இல் பசுபிக் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். நான்கு பெண் பிள்ளைகளோடு தனித்து விடப்பட்ட லூயிசா, நாவூ நகரினின்று சபையினர் இடம்பெயர்ந்த காலத்தில் தாமே குடும்பத்தை நடத்திச் சமவெளிகளைக் கடந்து, 1848 இல் சோல்ற் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அதே ஆண்டிலே கணவர் திரும்பியபோது இளைய மகளுக்குத் தந்தையை அடையாளம் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் அனுப்பப்பட்டார். இம்முறை லூயிசா பின்தங்கவில்லை. 1850 இல், நாற்பத்தெட்டு வயதளவில், பிள்ளைகளோடு கப்பலேறித் தூபுவாய்த் தீவை அடைந்து, அங்குள்ள பெண்களிடையே தாமும் போதித்தார். ஆயினும் கதை அங்கே இனிது முடியவில்லை. 1858 இன் பின்னர் அவர் யூட்டாவிலும் கணவர் கலிபோர்னியாவிலுமாகப் பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தனர். பயணங்கள் மட்டுமே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. எனினும், நீண்ட பிரிவு இல்லறத்திடம் அறவிடும் விலை சிறிதன்று.

இன்று முதிய தம்பதியர் கூடிப் புறப்படுவதை இப்பின்னணியிலே நோக்கின் அதன் அருமை புலப்படும். ஊழியர் எவரும் தனித்திருத்தலாகாது என்பது சபையின் விதி. வாலிபன் ஒருவனுக்கு முன்பின் அறியாத இன்னொரு வாலிபன் துணையாக நியமிக்கப்படுகின்றான். தம்பதியருக்கோ மனைவிக்குக் கணவனும் கணவனுக்கு மனைவியுமே துணை. தமிழில் வாழ்க்கைத்துணை என வழங்கும் சொல் இங்கே ஒரு பதவியின் பெயராகவே ஆகிவிடுகின்றது எனலாம். நாற்பதாண்டுகள் காலையிற் பிரிந்து மாலையிற் கூடிய இருவர், அன்னிய நகரொன்றின் சிறிய வாடகை வீட்டிலே, ஒரே பணியில் நாள் முழுதும் உடனிருக்க வேண்டியவராகின்றனர். ஒருவர் மற்றவரைப் புதிதாய்க் கற்றுக்கொள்ளும் காலம் அது.

பிறிதொன்றும் கவனிக்கத்தக்கது. ஆண் ஊழியர் யாவரும் மூப்பர் என்ற பொருள் தரும் ‘எல்டர்’ எனும் பட்டத்தாலேயே அழைக்கப்படுவர். 2012 இன் பின் பதினெட்டு வயது இளைஞனும் ஊழியனாகலாம். ஆகவே பதினெட்டு வயதினனும் எழுபது வயதினரும் ஒரே பெயர் தாங்கி ஒரே சபையில் அமர்கின்றனர். ஒருவர் அப்பெயரை வருங்காலத்தினின்று கடன் வாங்குகிறார். மற்றவரோ வயதால் ஈட்டியிருக்கிறார்.

முதியோரின் பணிகளும் இளைஞருடையனவற்றினின்று வேறுபடுவன. வீடுதோறும் சென்று கதவு தட்டுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. அலுவலகக் கணக்கெழுதுதல், இளம் ஊழியரின் இருப்பிடங்களைக் கவனித்தல், ஆவணக் காப்பகங்களிற் பழைய பிறப்பு இறப்புப் பதிவுகளைப் படமெடுத்தல், கிணறு தோண்டுதல், சக்கர நாற்காலி வழங்கல் முதலிய உதவித் திட்டங்களை மேற்பார்வை செய்தல் எனப் பணிகள் பலவகைப்படும். ஓய்வுபெற்ற மருத்துவரும் ஆசிரியரும் கணக்காளரும் தத்தம் பழைய தொழிலறிவை ஊதியமின்றி மீளப் பயன்படுத்துகின்றனர்.

ஊதியம் இல்லை என்பதோடு, செலவும் அவர்களுடையதே. சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் கொண்டே பயணமும் வாழ்க்கையும் நடைபெற வேண்டும். இதனால் வசதியுடையோருக்கே இது எளிதாயிற்று என்ற குறை எழுவது இயல்பு. 2011 இல் வெளிநாடு செல்வோர்க்கு 6 மாத, 12 மாதக் குறுகிய தவணைகள் அனுமதிக்கப்பட்டதும், வீட்டு வாடகையிற் தம்பதியர் ஏற்க வேண்டிய தொகைக்கு மாதம் 1,400 டொலர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டதும் இக்குறையை உணர்ந்தே எனக் கருதலாம்.

பணத்தினும் பெரிய தடை பேரப்பிள்ளைகள். ஒன்றரை ஆண்டென்பது முதியவருக்குச் சிறிது. குழந்தைக்கோ தவழ்தலினின்று பேச்சுக்கு வளரும் காலம். வயது முதிர்ந்த தாய் தந்தையரைப் பராமரிக்கும் கடமை உடையோரும் உளர். மக்கள் சூழ இருத்தலே முதுமையின் பேறு எனக் கருதும் நம்மவர்க்கு இது கல்நெஞ்சச் செயலாகத் தோன்றக்கூடும். பிறர் நாட்டிலே தம் மதத்தைப் பரப்புதல் தகுமா என்ற பழைய வினாவும், அதனை அனுபவித்தறிந்த எம்போன்ற நாட்டினரிடம் எழவே செய்யும். சக்கர நாற்காலியும் கிணறும் அவ்வினாவை முற்றாக நீக்கிவிடுவதில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு மிசனரித் தம்பதியர் புதியவரல்லர். 1820 இல் அங்கு வந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஸ்போல்டிங் ஐயர், தமிழ் கற்று, அகராதிப் பணியில் ஈடுபட்டு, 1873 இல் உடுவிலிலே காலமானார்; மனைவி மேரி மறு ஆண்டு மறைந்தார். அவர்கள் இளமையில் வந்து ஈண்டு முதுமை எய்தியவர்கள்; ஊரும் மொழியும் அவர்களுடையனவாகும்வரை இருந்தவர்கள். முதுமையில் வந்து சில மாதங்களில் மீளும் தம்பதியர்க்கு அவ்வாறு வேரூன்றல் கைகூடாது. அது கைகூடாமை ஒருவகையில் நன்மையும் ஆகலாம். ஊரைத் தம் கருத்துக்கேற்ப மாற்றிவிட வேண்டுமென்ற அவசரம், விரைவிற் பிரியப் போகிறோம் என அறிந்தவரிடம் குறைவாகவே இருக்கும்.

சமயக் கொள்கையில் உடன்பாடு இல்லாதாரும் இவ்வழக்கத்தினின்று எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரையும் தாதியையும் பொறியியலாளரையும் நம் சமூகம் வீட்டு வாயிற் கதிரையில் அமர்த்தி மரியாதை செய்கின்றது, பணி கேட்பதில்லை. மரியாதை வேண்டுவதே. ஆயினும், கைவசம் அறிவும் உடலிற் சிறிது வலுவும் உள்ளவரிடம் யாதொன்றும் கேளாதிருத்தல், அவரை மெல்ல மெல்ல மறத்தலுக்கு ஒப்பாகும். பிள்ளைகளை விட்டுக் கடல் கடக்க வேண்டியதில்லை. அயற்கிராமத்துப் பாடசாலைக்கு வாரம் இருநாள் கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று கற்பித்தாலும் அமையும். தொல்காப்பியம் கூறும் மேலான பயிற்சி அதனுள்ளும் அடங்கும்.