தண்டரைப் பையன் பாரிஸ் போன கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கை வேலையை முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

இன்று எம்.எஸ். நரசிம்மன் என்ற கணித மேதையைப் பற்றி எழுதப் போகிறேன். உங்களில் பாதிப் பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கணித மேதை என்றாலே நமக்கு கும்பகோணத்து ராமானுஜன் ஒருவர்தான். நரசிம்மன் நமக்கு இன்னும் பக்கம். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டம், அதை அடுத்து வட ஆற்காடு. அந்த வட்டாரத்துக் கிராமத்துக் குடும்பம் அவருடையது. 1932 ஜூன் 7 அன்று தண்டரையில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிப் படிப்பும் கிராமப்புறத்தில்தான்.

இவரைப் பற்றி இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் கல்வராயன் மலையிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் மகள் இந்த வருடம் பிளஸ் டூ போகிறாள். "டீச்சர், காலேஜுல கணக்குதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. கணக்கு படிச்சா வாத்தியார் வேலைதானே? அதுக்கும் டெட்டு, டிஆர்பின்னு எத்தனை பரீட்சை! பேசாம நர்சிங்ல சேத்துடட்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மரவள்ளி போட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தகப்பன் வேறு எப்படிக் கேட்பார்? "ஒரு வாரம் டைம் கொடுப்பா" என்றேன். அவரைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், நரசிம்மன் செய்தது என்ன கணக்கு? அதன் ஒரு பக்கத்துக்கு அல்ஜீப்ரைக் டோபாலஜி என்று பெயர். தமிழில் இயற்கணித இடவியல். பயப்படாதீர்கள். மலையில் என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

புளியமரத்தில் ஆட்டை நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வருகிறீர்கள். ஆடு மேய்ந்துகொண்டே மரத்தை வலப்பக்கமாக மூன்று சுற்று சுற்றிவிடுகிறது. பிறகு இடப்பக்கமாக இரண்டு சுற்று. மரத்தில் கயிறு எத்தனை சுற்று மிச்சம்? ஒன்று. நடுவில் ஆடு எங்கெல்லாம் போனது, எவ்வளவு தூரம் நடந்தது, எதுவும் தேவையில்லை. வலம் என்றால் கூட்டல், இடம் என்றால் கழித்தல், அவ்வளவுதான். நடுவில் மரமே இல்லை என்றால் எப்படிச் சுற்றினாலும் கயிற்றை உருவிவிடலாம், மிச்சம் பூஜ்யம்.

இப்போது இரண்டு மரம் என்று வையுங்கள். முதல் மரத்தைச் சுற்றிவிட்டு இரண்டாவதைச் சுற்றுவதும், இரண்டாவதைச் சுற்றிவிட்டு முதலாவதைச் சுற்றுவதும் ஒன்றல்ல. கயிறு சிக்கிக்கொள்ளும் விதமே வேறு. அதாவது 2 + 3 = 3 + 2 என்று நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி இங்கே செல்லாது! இப்படிச் சுற்றுகளை வைத்து ஒரு இடத்தின் வடிவத்தைக் கணக்காக மாற்றுவதற்கு அடிப்படைக் குலம் என்று பெயர். பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் "குலம்" படித்தவர்களுக்கு ஞாபகம் வரலாம்.

ஆட்டுக்கயிறு புரிகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கின் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாசல் வரை கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். நரசிம்மனின் இளமைக்காலத்தைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது அதுதான்.

கிராமத்திலிருந்து அவர் சென்னை லயோலா கல்லூரிக்கு வந்தார். அங்கே ஃபாதர் ராசீன் என்ற பிரெஞ்சு பாதிரியார் கணிதப் பேராசிரியர். பாரிஸில் எலி கார்த்தான் போன்ற பெரியவர்களின் பள்ளியில் பயின்றவர். 1937-இல் இந்தியா வந்தவர், 1976-இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். வகுப்பில் பிரமாதமாகப் பேசுகிறவர் என்று அவருக்குப் பெயர் இல்லை. ஆனால் அன்றைய பாடத்திட்டம் பழைய இங்கிலாந்து முறையில் கணக்குப் போட்டுத் தள்ளுவதாக இருந்தபோது, உலகத்தில் இப்போது என்ன புதுக் கணக்கு நடக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். தன்னிடம் இருந்ததைக் கொடுத்து முடித்ததும், "இனி நீ பம்பாய்க்குப் போ" என்று அடுத்த இடத்துக்கு வழிகாட்டினார். இதுதான் பெரிய குணம். கெட்டிக்காரப் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் யாருக்கும் ஆசை வரும்.

அதே லயோலாவில், அதே வயதில் இன்னொரு மாணவர் இருந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரி. இரண்டு பேரும் 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். ஹோமி பாபா 1945-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே கணிதத்துறையை வளர்த்தவர் கே. சந்திரசேகரன். வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய அறிஞர்களை வரவழைத்துப் பாடம் நடத்தச் சொன்னார். அந்தப் பாடங்களைக் குறிப்பெடுத்து ஒழுங்காக எழுதும் வேலை இளைஞர்களுக்கு. லோரான் ஷ்வார்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் நடத்திய பாடத்துக்குக் குறிப்பு எழுதியவர் நம் நரசிம்மன். 1955-இல் அது அச்சானது. அப்போது அவருக்கு வயது 23.

நான் உங்களை "போர்டைப் பார்த்து எழுதாதே, புரிந்ததை எழுது" என்று ஏன் அப்படிப் படுத்தினேன் என்று இப்போது தெரிகிறதா? இன்னொருவர் சொன்னதை மூன்றாவது ஆளுக்குப் புரியும்படி எழுத வேண்டுமென்றால், நமக்கு முழுசாகப் புரிந்தே ஆக வேண்டும்.

அந்த ஷ்வார்ஸ் அழைப்பில் நரசிம்மன் 1957-இல் பாரிஸ் போனார். சேஷாத்ரியும் அதே வருடம் போனார். போன இடத்தில் நரசிம்மனுக்கு ப்ளூரிசி, அதாவது நுரையீரல் உறையில் அழற்சி, வந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். ஊர் புதிது, உறவு பக்கத்தில் இல்லை. ஆனாலும் படிப்பை விடவில்லை. கொட்டாகே என்ற ஜப்பானிய அறிஞருடன் சேர்ந்து அங்கேயே ஆராய்ச்சி செய்தார். அது கொட்டாகே–நரசிம்மன் தேற்றம் என்று இன்றும் வழங்குகிறது. 1960-இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

இந்தியா திரும்பிய பின் அந்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்ததுதான் பெரிய காரியம். 1965-இல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பல துளைகள் உள்ள வடை போன்ற ஒரு பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அமைகிற சில பொருள்களை இயற்கணித வழியில், சமன்பாட்டுப் பக்கமாக வந்து தேடலாம். இன்னொரு பக்கம், மேலே சொன்ன ஆட்டுக்கயிற்றுச் சுற்றுகள் வழியாகவும் தேடலாம். இரண்டு பாதையில் போனவர்களும் கடைசியில் பார்ப்பது ஒரே பொருள்களைத்தான் என்று நிரூபித்தார்கள். கச்சிராயபாளையம் வழியாக ஏறினாலும் கருமந்துறை வழியாக ஏறினாலும் மலை ஒன்றுதான் என்பது போல.

அது வெளிவந்தபோது இரண்டு பேருக்கும் 33 வயது. பின்னாளில் இயற்பியல்காரர்களும் அந்தத் தேற்றத்தைத் தேடி வந்தார்கள். 1975-இல் ஹார்டர் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து, அந்தப் பொருள்கள் எல்லாம் கூடி அமைகிற வெளியின் வடிவத்தையே எண்ணிச் சொல்லும் வழியையும் நரசிம்மன் கண்டார். அவரிடம் படித்த எம்.எஸ். ரகுநாதன், எஸ். ரமணன், பட்டோடி எல்லோரும் உலகப் புகழ் பெற்றார்கள். வாங்கியதை அவரும் அடுத்தவர்களுக்குக் கைமாற்றிவிட்டார். 2020-இல் சேஷாத்ரியும் 2021 மே மாதம் நரசிம்மனும் மறைந்தார்கள்.

சரி, என் மாணவருக்குப் பதில். இது சுலபமான வழி என்று சொல்ல மாட்டேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சி என்று பத்து வருடம் ஓடும். வேலைகளும் கொஞ்சம்தான். நர்சிங் மதிப்பான படிப்பு, சீக்கிரம் கை கொடுக்கும். ஆனால் பிள்ளை கேட்பது கணக்கு. ஆராய்ச்சிக்குப் போனால் மாத உதவித்தொகை உண்டு. நடுவில் விட்டாலும் வங்கி, கம்ப்யூட்டர், ஆசிரியர் பணி என்று பல கதவுகள் உண்டு. சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதக் கழகம் சிறுசேரியில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களை நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் கணக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அதுதான் முதல் மலை. ஒரு வருடம் இருக்கிறது, ஏறிவிடலாம்.

இடம் கிடைக்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. அந்தத் தேர்வுக்குப் படித்த கணக்கு எங்கே போகும்? நம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேரட்டும், பிறகு மறுபடி எழுதட்டும்.

என்னால் முடிந்தது இடைநிலை ஆசிரியர் கணக்கு வரைதான். மேலே கூட்டிப்போக நீங்கள் வேண்டும். சென்னையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் கணக்கு, இன்ஜினியரிங் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? விண்ணப்பம் போடவும், தேர்வன்று தங்க இடம் கொடுக்கவும் ஒரு குடும்பம் வேண்டும். அவள் பெயரை இங்கே போட மாட்டேன். முடிந்தவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். பழைய கணக்குப் புத்தகம், முந்தைய வருடக் கேள்வித்தாள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் மலைக்குப் போகிறேன், கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்